சங்கு ஒண்ணு, வேலை வேற வேற

இந்தப் பக்கம் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. வங்கியில் வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், மன்னிக்கவும். இன்றைக்கு எழுத வைத்தது என் பெரிய மகள்.

கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். லீவுக்கு மஸ்கட் வந்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை (இங்கே வெள்ளி, சனிதான் வார லீவு) மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரலாம் என்று பார்த்தால், லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"அப்பா, பாலிமார்ஃபிசம்னா என்னனு கேட்டா மனப்பாடமா சொல்லிடுவேன். ஆனா எதுக்குனுதான் புரியல."

அவள் பாடத்தில் இருந்த உதாரணம் இது. மிருகம் என்று ஒரு க்ளாஸ். அதற்குக் கீழே நாய், பூனை, மாடு என்று மூன்று சப்-க்ளாஸ். 'சத்தம் போடு' என்று சொன்னால் நாய் 'வள்', பூனை 'மியாவ்', மாடு 'அம்மா'. அவ்வளவுதான் பாடம்.

"நாய் குரைக்கும்னு எல்லாருக்கும் தெரியும். இதுக்கு எதுக்குப்பா ப்ரோகிராம்?" என்றாள். நியாயமான கேள்விதானே!

நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் படிப்புக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் வங்கி வேலை. அதில் பாதி நாள் சாஃப்ட்வேர் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, வட்டி இப்படிப் போடணும், அப்படிப் போடக்கூடாது" என்று சொல்வதும், அவர்கள் எழுதினதைச் சோதித்துப் பார்ப்பதும்தான். அதனால் இந்த பாலிமார்ஃபிசம் எதற்கு என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அடி வாங்கித் தெரிந்துகொண்டேன். மகளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். நம்மில் நிறைய பேர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை லேப்டாப்போடு நிற்கும் என்று நினைக்கிறேன்.

நாய், பூனையை விட்டுவிட்டு எங்கள் ஊரிலிருந்து ஆரம்பித்தேன்.

என் ஊர் கோலார் தங்கவயல், அதில் மைசூர் மைன்ஸ். மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் பக்கம். லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அப்பா சுரங்கத்துக்குள் டிம்பர்மேன். கல் சரிந்து விழாமல் மரத்தை வைத்து முட்டுக் கொடுக்கிற வேலை. எங்களுக்கெல்லாம் கடிகாரம் என்றால் மைன்ஸ் சங்குதான். ஷிப்டுக்குச் சங்கு ஊதும். ஒரே சங்கு, ஒரே சத்தம். ஆனால் அதைக் கேட்டதும் நடக்கிறது ஒவ்வொரு வீட்டிலும் வேறு. எங்கள் அப்பா மரம் வைக்கப் போவார். எதிர்வீட்டுப் பெரியப்பா பாறையில் ஓட்டை போடப் போவார். அடுத்த வீட்டு மாமா வெடி வைக்கப் போவார். கடைசி வீட்டு அண்ணன், ஆட்களை இறக்குகிற கூண்டுக்கு என்ஜின் ஓட்டப் போவார். அம்மா அடுப்பை மூட்டுவாள்.

சின்ன வயசில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன், "எல்லாருக்கும் ஒரே சங்கு ஊதுறாங்களே, யாருக்கு என்ன வேலைனு எப்படித் தெரியும்?" என்று.

"சங்கு யார் பேரையும் கூப்பிடாதுடா. அவனவன் வேலை அவனவனுக்குத் தெரியும்" என்றார்.

மக்களே, பாலிமார்ஃபிசம் என்பது இவ்வளவுதான். கிரேக்க மொழியில் 'பல உருவம்' என்று அர்த்தமாம். தமிழில் பல்லுருத்தோற்றம் என்று எழுதுகிறார்கள். கட்டளை ஒன்று. கேட்கிறவர் யாரோ அவருக்குத் தகுந்த வேலை. கட்டளை போடுகிறவருக்கு எதிரில் இருப்பது யார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது இதை வங்கிக்குக் கொண்டு வருவோம்.

நடப்புக் கணக்குக்குப் பொதுவாக வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்குக்குத் தினசரி இருப்பைப் பார்த்து வட்டி. டெபாசிட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி. கடன் கணக்கில் வட்டியை நாம் தருவதில்லை, வாங்குகிறோம். இதைப் புதிதாக ப்ரோகிராம் எழுத வருகிற பையனிடம் கொடுத்தால், முதலில் இப்படித்தான் எழுதுவான்:

கணக்கு சேமிப்பு என்றால், தினசரி இருப்புக்கு வட்டி.
இல்லாவிட்டால், நடப்பு என்றால், வட்டி சைபர்.
இல்லாவிட்டால், டெபாசிட் என்றால், கூட்டு வட்டி.
இதில் எதுவுமே இல்லாவிட்டால், வேறு ஏதோ ஒன்று.

இதுதான் இஃப்-எல்ஸ் சங்கிலி. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், முதல் நாள் சரியாகவும் ஓடும். சிக்கல் எங்கே என்றால், இந்தச் சங்கிலி ஒரு இடத்தில் மட்டும் இருக்காது. வட்டி போடுகிற இடத்தில் ஒன்று, வரி பிடிக்கிற இடத்தில் ஒன்று, பாஸ்புக் அடிக்கிற இடத்தில் ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போகிற இடத்தில் ஒன்று. கணக்கு வகையில் ஒன்று கூடினால், இத்தனை இடத்தையும் தேடித் தேடித் திருத்த வேண்டும்.

இன்னொரு வழி, சங்கு வழி. கணக்கு என்று ஒரு தாய் க்ளாஸ். 'வட்டி போடு' என்று ஒரு மெத்தட் உண்டு என்று அது வாக்கு மட்டும் கொடுக்கும். சேமிப்பு, நடப்பு, டெபாசிட், கடன் எல்லாம் சப்-க்ளாஸ். ஒவ்வொன்றும் தன் வட்டியைத் தானே போட்டுக்கொள்ளும். ராத்திரி ஓடுகிற ப்ரோகிராம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வரிசையாக ஒவ்வொரு கணக்கையும் கூப்பிட்டு "வட்டி போடு" என்று சொல்லிக்கொண்டே போவது. எதிரில் வந்து நிற்பது எந்த வகை என்பதைப் பார்த்து, ஓடுகிற அந்த நேரத்திலேயே, சரியான மெத்தடுக்குக் கம்ப்யூட்டர் அனுப்பிவிடும்.

ஒரு நிஜ உதாரணம். 2010 ஏப்ரல் 1-க்கு முன்னால் இந்தியாவில் சேமிப்புக் கணக்கு வட்டி எப்படி என்று ஞாபகம் இருக்கிறதா? மாதம் 10-ம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரைக்கும் இருந்ததிலேயே குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 11-ம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி இல்லை. ரிசர்வ் வங்கி அதை மாற்றி, தினசரி இருப்புக்கு வட்டி என்று கொண்டு வந்தது. சங்கு வழியில் எழுதியிருந்தால் சேமிப்பு என்கிற ஒரே க்ளாஸைத் திறந்து, வட்டி மெத்தடை மட்டும் மாற்றினால் போதும். டெபாசிட் பக்கம் கை வைக்கவே வேண்டாம். கை வைக்காத இடத்தில் தப்பு வராது என்பது எங்கள் தொழிலில் பெரிய விஷயம்.

சரி, அடி வாங்கின கதைக்கு வருகிறேன்.

நான் பெங்களூரில் ஒரு வங்கியில் இருந்தபோது (பெயர் வேண்டாம்) நடந்தது. நம்ம மாதிரி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. என்று இரண்டு வகை இருப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே சம்பாதித்து அனுப்புகிற பணம் என்.ஆர்.இ.-யில். அதன் வட்டிக்கு அங்கே வருமான வரி கிடையாது. ஊரில் வருகிற வாடகை மாதிரி வருமானம் என்.ஆர்.ஓ.-வில். அதன் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். உள்ளூர்க்காரர் டெபாசிட்டுக்கு, வட்டி வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம்.

வரி பிடிக்கிற ப்ரோகிராமில் ஒரு சங்கிலி இருந்தது. என்.ஆர்.ஓ. என்றால் இவ்வளவு, என்.ஆர்.இ. என்றால் ஒன்றும் வேண்டாம், இது எதுவுமே இல்லாவிட்டால் உள்ளூர்க்காரர் என்று வைத்துக்கொண்டு 10 சதவீதம். அப்போது என்.ஆர்.இ.-யில் புதிதாக ஒரு டெபாசிட் திட்டம் போட்டோம். புதுத் திட்டத்துக்குப் புது எண். பதினோரு இடத்தில் அந்த எண்ணைச் சேர்த்தார்கள். பன்னிரண்டாவது இடம் இந்த வரிச் சங்கிலி. விட்டுப்போனது. சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தன்.

எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, ப்ரோகிராம் நிற்கவும் இல்லை. புதுத் திட்டத்துப் பணமெல்லாம் சத்தமில்லாமல் கடைசி 'இல்லாவிட்டால்'-இல் போய் விழுந்தது. 10 சதவீதம் பிடித்தாகிவிட்டது, அரசாங்கத்துக்குக் கட்டியும் ஆகிவிட்டது.

முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஆடிட்டர் இல்லை. குவைத்தில் கட்டட வேலை பார்த்த ஒரு அண்ணன். "சார், நான் ஜாஸ்தி படிச்சவன் இல்ல. ஆனா எனக்கு வர வேண்டியது எவ்ளோனு எனக்குத் தெரியும். குறையுது" என்று போன் போட்டார். தங்கச்சி கல்யாணத்துக்குக் கணக்குப் பண்ணி வைத்திருந்த பணம். அதைச் சரி செய்து கொடுக்க நாலு மாசம் ஆனது. கல்யாணம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. வட்டிக்கு வாங்கி நடத்தினதாகச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மகளிடம் இதைத்தான் சொன்னேன். "அழகா எழுதறதுக்காக பாலிமார்ஃபிசம் இல்லைம்மா. அந்தக் கடைசி 'இல்லாவிட்டால்'ல யாரும் சத்தமில்லாம விழாம இருக்கறதுக்கு."

அவள் நல்ல கேள்வி கேட்டாள். "அப்போ தாய் க்ளாஸ்ல ஒரு வரி மெத்தட் எழுதி வச்சிட்டு, புதுத் திட்டத்துல அதை மாத்தி எழுத மறந்தா? அப்பவும் தாயோடதுதானே ஓடும்?"

சரியாகப் பிடித்தாள். தாய் க்ளாஸில் '10 சதவீதம் பிடி' என்று எழுதி வைத்தால், அது அதே பழைய 'இல்லாவிட்டால்'தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. அதனால் தாயில் 'வரி பிடி' என்று பெயரை மட்டும் எழுதி, உள்ளே காலியாக விட வேண்டும். அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் என்று அவள் புத்தகத்திலேயே இருக்கிறது. அப்படி விட்டால், ஜாவா மாதிரி மொழியில், வரி மெத்தடை நிரப்பாத புது க்ளாஸைக் கம்பைலர் ஏற்காது. 'இவனுக்கு என்ன வரி என்று சொல், அப்புறம் உள்ளே விடுகிறேன்' என்று வாசலிலேயே நிறுத்தும். குவைத் அண்ணன் போன் போடுவதற்கு நாலு மாதம் முன்னாலேயே பிழை எங்கள் மேஜையில் வந்து நின்றிருக்கும்.

அதற்காக எல்லா இஃப்-எல்ஸும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். வரவு, பற்று என்று இரண்டே வகை, என்றைக்கும் மூன்றாவது வராது என்றால் இஃப் போதும். வகைகள் மாறாமல், செய்ய வேண்டிய வேலைகள் மட்டும் கூடிக்கொண்டே போனால், சப்-க்ளாஸ் வழியில் ஒவ்வொரு க்ளாஸையும் திறக்க வேண்டிவரும். அதுவும் தலைவலிதான். வகை கூடுமா, வேலை கூடுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். வங்கியில் வகைதான் கூடும்.

இன்னொரு பள்ளமும் உண்டு. தாய் கொடுத்த வாக்கைப் பிள்ளை காப்பாற்ற வேண்டும். கணக்கு என்கிற தாய் க்ளாஸில் 'பணம் எடு' என்று எழுதிவிட்டால், எந்தக் கணக்கிலும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வாக்குக் கொடுத்த மாதிரி. என்.ஆர்.இ. டெபாசிட் அதன் பிள்ளை. ஒரு வருஷத்துக்கு முன்னால் உடைத்தால் வட்டியே கிடையாது, நினைத்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவும் முடியாது. அப்போது அந்தப் பிள்ளை வாக்கை மீறுகிறது. பார்பரா லிஸ்கோவ் என்கிற அமெரிக்கக் கணினி அறிஞர் 1987-இல் இதைப் பற்றிப் பேசினார். தாய் நிற்கிற இடத்தில் பிள்ளையை நிறுத்தினாலும் வேலை கெடக்கூடாது என்பதுதான் சாரம். 2008-க்கான டூரிங் விருது அவருக்குத்தான். எங்கள் விஷயத்தில் தீர்வு எளிது. காப்பாற்ற முடியாத வாக்கைத் தாயில் எழுதக்கூடாது. 'பணம் எடு' என்பதை, எடுக்கக்கூடிய கணக்குகளுக்கு மட்டும் வைக்க வேண்டும்.

இதுவரைக்கும் மகள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "நாளைக்கே நாம ஊருக்குத் திரும்பிட்டா, என்னோட என்.ஆர்.இ. கணக்கு என்ன ஆகும்?"

நிரந்தரமாகத் திரும்பினால் அது உள்ளூர்க் கணக்காக மாற வேண்டும். ஆள் அதே ஆள், பணம் அதே பணம், விதி மட்டும் வேறு. ஆனால் ஜாவா மாதிரி மொழிகளில் ஒரு ஆப்ஜெக்ட் பிறந்த பிறகு தன் க்ளாஸை மாற்றிக்கொள்ள முடியாது. என்.ஆர்.இ. என்று பிறந்தது சாகும் வரை என்.ஆர்.இ. பழையதை மூடி, புதியதைத் திறந்து, சரித்திரத்தை எல்லாம் எடுத்து ஒட்ட வேண்டும். இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். கணக்கை என்.ஆர்.இ. என்று பிறக்க வைத்ததே தப்பு. கணக்கு கணக்காகவே இருக்கட்டும். வரி விதி என்பதைத் தனி க்ளாஸாக எழுதி, என்.ஆர்.இ. விதி, உள்ளூர் விதி என்று அதற்குக் கீழே சப்-க்ளாஸ் போட்டு, கணக்கின் கையில் ஒன்றைக் கொடுத்து வைக்க வேண்டும். ஊர் திரும்பினால் கையில் இருக்கிற விதியை மட்டும் மாற்றினால் போதும். பாலிமார்ஃபிசம் அப்படியே இருக்கிறது. கணக்குக்குப் பதில் விதியிடம் சங்கு ஊதுகிறோம், அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது எனக்கு 2001 ஞாபகம் வந்தது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பித்த சுரங்கம். பிறகு மைசூர் அரசு, பிறகு மத்திய அரசு, 1972-இலிருந்து பாரத் கோல்ட் மைன்ஸ். 2001 பிப்ரவரி கடைசியோடு மூடினார்கள். நான் பி.காம். கடைசி வருஷம். அப்பாவுக்கு வந்த பணத்தைப் போட ஒரு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விண்ணப்பத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம். விவசாயம், வியாபாரம், அரசு ஊழியர், மாணவர், இதர. அப்பா "டிம்பர்மேன்னு போடு" என்றார். கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சுரங்கம்தான் மூடிட்டாங்களே, இதர-னு போடுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் கையில் இருந்த படிவம் அப்படி.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார். "இதரன்னா இன்னாடா?"

"அது... மத்தவங்கப்பா" என்றேன்.

ஒன்றும் பேசவில்லை. மாரிகுப்பம் வரைக்கும் பேசவில்லை.

இஃப்-எல்ஸ் சங்கிலி எதைப் பார்த்தாலும் நான் முதலில் கடைசி வரிக்குப் போவதற்குக் காரணம் இதுதான். அங்கேதான் யாராவது நிற்பார்கள். படிவம் எழுதினவருக்கு, ப்ரோகிராம் எழுதினவருக்கு அவர்கள் ஞாபகத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். அப்பா டிம்பர்மேனாகப் பிறக்கவில்லை, அந்த வேலை அவர் கையில் இருந்தது. கையில் இருந்தது போன பிறகும் ஆள் அதே ஆள்தான். அதற்கப்புறம் எட்டு வருஷம் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு குடோனில் வேலை பார்த்தார். தம்பி, தங்கச்சியைப் படிக்க வைத்தது அந்த ரயில்தான்.

இன்னொரு ஆச்சரியம். சப்-க்ளாஸ், பாலிமார்ஃபிசம் இரண்டுக்கும் அஸ்திவாரம் போட்டது நார்வே நாட்டில் உருவான சிமுலா 67 என்கிற மொழி. உருவாக்கினவர்கள் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட். இதற்காக டூரிங் விருது கொடுத்தார்கள். எந்த ஆண்டுக்கான விருது தெரியுமா? 2001! அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. நைகார்ட் 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர். தொழிற்சாலைக்குள் கம்ப்யூட்டர் வரும்போது அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் அங்கே வேலை பார்க்கிறவனுக்கும் பேச்சு இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தன் வேலை என்ன என்று அவனவனுக்குத் தெரியும் என்று அவரும் நினைத்திருப்பார் போல. எங்கள் அப்பாவுக்கு அவரைத் தெரியாது :)

ஆகவே என் கருத்து இது. பிள்ளைகளுக்கு நாய், பூனை சொல்லிக் கொடுப்பதை நிறுத்துங்கள். நாய்க்குத் தப்பான சத்தம் வந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு, பென்ஷன் என்று சொல்லிக் கொடுங்கள். தப்பாக எழுதினால் ஒருத்தர் வீட்டில் கல்யாணம் கடனில் நடக்கும் என்று தெரிந்து எழுதட்டும்.

மகள் சாயந்திரமே பயிற்சியை மாற்றி எழுதிவிட்டாள். மிருகம் போய் கணக்கு வந்தது. 'வரி விதி' தனி க்ளாஸ், உள்ளே காலி மெத்தட். ஓட்டிக் காட்டினாள். பெயருக்குக்கூட ஒரு 'இல்லாவிட்டால்' இல்லை. ராத்திரி தாத்தாவுக்குப் போன் போட்டு சங்கு கதையைச் சொன்னாள். "நான் சொன்னதா? ஞாபகம் இல்லியேம்மா" என்றாராம்.

டிஸ்கி: ஊருக்கு நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை மாற்றச் சொல்லுங்கள், அதுவாக மாறாது. வருஷத்துக்கு ஒருமுறை டெபாசிட் வட்டியில் எவ்வளவு வரி பிடித்திருக்கிறார்கள் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். தப்பை எங்களுக்குக் காட்டினது அந்தக் குவைத் அண்ணன்தான்.